தெருப்பூனை என்று சொல்லிவிட்டேன்

உழவர்கரையில் என் மகளும் மாப்பிள்ளையும் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கார் நிறுத்துகிற அளவு இடத்தில், நீல டைல்ஸ் பதித்து, ஒரு பக்கம் நெஞ்சளவும் மறுபக்கம் தலைக்கு மேலும் ஆழம் வருகிற மாதிரி கட்டியது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா குடும்பம் என்பார்கள். மாப்பிள்ளை பிறந்ததே பிரான்சில். அவரும் மகளும் பேரப்பிள்ளைகளும் ஆகஸ்டில் வந்து இருந்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் நானும் என் மனைவியும்தான் அந்த வீட்டில்.

குளத்தை மாப்பிள்ளை 'பிசின்' என்பார். பிரெஞ்சில் அப்படித்தானாம். முதல் தடவை அதைக் கேட்ட என் மனைவி, "வீட்டுக்குப் பின்னாடி எதுக்குங்க பிசின் வெச்சிருக்காங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். நாங்கள் இருவரும் முத்தியால்பேட்டையில் ஓட்டு வீடுகளில் வளர்ந்தவர்கள். என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். குழாயடியில் குடம் வைத்து இடம் பிடிப்பதுதான் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எனக்கு இருந்த முதல் வேலை. அந்த எனக்கு, குளிப்பதற்கு மட்டும் என்று ஒரு குளம் நிறையத் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் கிடப்பது கூச்சமாக இருந்தது.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சின்னச் சின்ன வீடுகள். சந்து முனையில் முனிசிபாலிட்டி குழாய். காலையில் தண்ணீர் விடும்போது அங்கே குடங்கள் மோதுகிற சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். வெயில் காலத்தில் அந்தச் சத்தத்தோடு சண்டைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். குழாயை ஒட்டி ஒரு பெண் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் துணியும் அவளிடம்தான் போகும். ஒரு நாள் அவள் கேட்டாள்:

"அண்ணே, உங்க வூட்டுல தெனமும் மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதே, அப்படி என்னா ஓட்றீங்க?"

அது குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டார். நான், "தோட்டத்துக்குத் தண்ணி விடறோம்மா" என்று சொன்னேன். எங்கள் தோட்டம் என்பது ஒரு முருங்கை மரமும் நாலு குரோட்டன்ஸ் தொட்டியும். மதில் உயரம், அதனால் யாரும் பார்த்ததில்லை.

பூனைகள் எங்களோடு முத்தியால்பேட்டையிலிருந்து வந்தவை. காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டு கட்டி, ஆட்டோவில் கூட்டி வந்தோம். ஒன்று சாம்பல் நிறத் தாய். மற்றது அதன் மகன், செம்பட்டை நிறம். அதைச் செவலை என்று கூப்பிடுவோம். தாய்க்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது, குளத்துப் பக்கமே போகாது. செவலை அப்படி இல்லை. தண்ணீருக்கு மேல் தட்டான் பறந்தால் விளிம்பில் குந்திக்கொண்டு வாலை ஆட்டும்.

ஒரு நாள் காலையில் என் மனைவி போட்ட கூச்சலில் நான் பல் துலக்கிக்கொண்டே ஓடினேன். செவலை குளத்துக்குள் இருந்தது. தலை மட்டும் வெளியே. விளிம்பு ஓரமாகவே நீந்திக்கொண்டு போகிறது, முன்னங்காலைத் தூக்கி டைல்ஸில் வைக்கிறது, வழுக்குகிறது, மறுபடி நீந்துகிறது. இறங்குவதற்கு இருந்த ஸ்டீல் ஏணியின் கம்பிகளை அதனால் பிடிக்க முடியவில்லை. மனைவி தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, பிடரியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். செவலை நடுங்கிக்கொண்டே அவள் புடவையை நக்கியது.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதி போய்விட்டது. மீன் வலை வாங்கி வந்து குளத்தின் மேல் கட்டினேன். நடுவில் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. "இதுல கால் மாட்டிக்கிட்டா இன்னும் மோசம்" என்று மனைவி அவிழ்க்கச் சொன்னாள். மகளுக்கு வீடியோ காலில் சொன்னோம்.

"ஒரு பலகையைச் சரிவா போடுங்கப்பா, புடிச்சு ஏறி வர்ற மாதிரி. போட்டா மட்டும் பத்தாது, அதுக்குக் காட்டிக் குடுக்கணும். மெதுவா தண்ணியில விட்டு, பலகை பக்கம் கொண்டுவந்து ஏத்தி விடுங்க. ரெண்டு மூணு தடவை பண்ணா கத்துக்கும். இங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

பலகையின் மேல் தேங்காய் நார் மிதியடியை ஆணி அடித்து, ஒரு முனையை ஏணியில் கட்டித் தண்ணீருக்குள் சாய்த்து வைத்தேன். நானே பார்த்துப் பெருமைப்படும்படி இருந்தது. மனைவி, "நான் இருக்கும்போது பண்ணுங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செவலையைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"பயப்படாதடா, அப்பா இருக்கேன்" என்று சொல்லி அதைத் தண்ணீரில் விட்டேன்.

பலகை அதற்கு வலது பக்கம், கையெட்டும் தூரத்தில் இருந்தது. அது பலகையைப் பார்க்கவே இல்லை. அங்கே உயரமாக இருந்தது என் தலைதான். மார்பில் கால் வைத்து, கழுத்தில் கால் வைத்து, கன்னத்தைப் பிடித்து, உச்சந்தலைக்கு ஏறி நின்றது. நான் கையை உயர்த்த, அது பின்னங்காலால் உதைத்து என் மண்டையிலிருந்து கரைக்குத் தாவியது. அதன் எல்லா நகங்களும் அந்த ஒரு தாவலில் என் தலைக்குள் இறங்கின. கண்ணில் ரத்தம் வழிந்ததால் எனக்கு ஏணி தெரியவில்லை. கடைசியில் அந்த நார்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான்தான் மேலே வந்தேன்.

கண்ணாடியில் பார்த்தபோது பயம் வந்துவிட்டது. செவலைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தது. இருந்தாலும் முகத்துக் கீறல் என்பதால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாய்க்கடி ஊசி போடுகிற அறைக்கு முன்னால் நீள வரிசை. எனக்குப் பின்னால் வந்து நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். துணி தேய்க்கிற அந்தப் பெண். பக்கத்தில் அவள் புருஷன், கெண்டைக்காலில் துணி சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி போன இடத்தில் நாய் கடித்துவிட்டதாம்.

"அய்யய்யோ, இன்னாண்ணே இது? மூஞ்சியெல்லாம் கிழிஞ்சிருக்குது!" என்றாள் அவள்.

"பூனைம்மா."

"பூனையா? தலையில எப்படிண்ணே பூனை கீறும்?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வரி உண்மை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வரியைச் சொன்னால் அடுத்து குளம் வரும். என் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. குளோரின் வாடை எனக்கே அடித்தது. காலையில் அந்தப் பெண் குழாயடியில் யாருடனோ கத்திக்கொண்டிருந்ததை நான் என் சமையலறையிலிருந்து கேட்டிருந்தேன்.

"நடந்து போயிட்டிருந்தேன். மதில் மேலேருந்து தலையில பாஞ்சிடுச்சு" என்றேன்.

உள்ளே டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுப் பூனையா, தெருப்பூனையா?"

அவள் எனக்குப் பின்னால்தான் புருஷனைத் தாங்கிக்கொண்டு நின்றாள். தெருப்பூனை என்று சொல்லிவிட்டேன். அதற்கு உண்டான மருந்தைக் கீறல்களைச் சுற்றியே ஊசியால் போட்டார்கள். கன்னத்திலும் தலையிலும். பல்லைக் கடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் விடவில்லை.

"எந்த எடத்துல அண்ணே? என்னா கலரு பூனை?"

"நம்ம சந்துப் பக்கம்தான். செவப்பா இருந்துச்சு" என்றேன். கறுப்பு என்று சொல்லியிருக்கலாம், வெள்ளை என்று சொல்லியிருக்கலாம். என் கண்ணுக்குள் நின்றது செவலை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குளத்தில் நடந்ததை மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டிக்கொண்டே தலைக் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் டீக்கடையில் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்ததுமே, "அந்த வெறிப்பூனை உங்களைத்தானா சார் கடிச்சுது?" என்று கேட்டார். நான் கீறல்தான் என்றேன். வெறி என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் கதை என்னைவிட வேகமாகப் போயிருந்தது. சந்துப் பிள்ளைகளைத் தனியாக டியூஷனுக்கு அனுப்பவில்லை. ஒரு அம்மா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மதிலோரம் போனதை நானே பார்த்தேன். வெயிலுக்கு என்று முதலில் நினைத்தேன், பிறகுதான் புரிந்தது. யாரோ முனிசிபாலிட்டிக்கு போன் செய்திருந்தார்கள்.

மனைவி காய்கறி வண்டியிலிருந்து திரும்பி வந்தாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, சந்துல ஒரு செவப்புப் பூனை வெறி புடிச்சுத் திரியுதாம். யார் தலையிலயோ பாஞ்சிடுச்சாம். பசங்க சாக்கோட தேடுறாங்களாம். நம்ம செவலையை உள்ளயே வெச்சிக்கணும்."

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை நின்றுவிட்டது. என் தலைக் கட்டைப் பார்த்தாள்.

"உங்க தலையிலயா?"

பேப்பரை மடித்து வைத்தேன்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"குளம் இருக்குன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"இப்ப பூனை செத்தா மட்டும் என்ன நெனைப்பாங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போய்ச் சொல்லிட்டு வாங்க. கீறினது எங்க வீட்டுப் பூனை, தண்ணியில விழுந்துச்சு, அவ்வளவுதான்னு சொல்லுங்க" என்றாள்.

போகிறேன் என்று சொன்னேன். சட்டை கூட மாட்டினேன். கேட் வரை போய், தேய்க்கிற வண்டியைச் சுற்றி நாலு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். கூட்டம் குறையட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவலையை மட்டும் முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் சாகக் கூடாது என்று நான் பலகை அடித்துக் கொடுத்த பூனை, என் வாயால் வெளியே தலை காட்ட முடியாமல் உள்ளே கத்திக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் கேட்டைத் தட்டினார்கள். துணி தேய்க்கிற பெண், காலில் கட்டோடு அவள் புருஷன், கூட இரண்டு இளைஞர்கள். ஒருவன் கையில் சாக்கு. சாக்கு அசைந்தது.

"மாட்டிக்கிச்சுண்ணே!" என்றார் அவள் புருஷன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காக அலைந்திருக்கிறார், அந்தக் காலோடு. "இதுதானா பாத்துச் சொல்லுங்க. ஆமான்னா ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவானுங்க."

சாக்கின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார்கள். செம்பட்டை நிறத்தில் ஒரு தெருப்பூனை. செவலையைவிடச் சின்னது, எலும்பு தெரிந்தது. ஒரு காது பாதி இல்லை. பிடிக்கும்போது அடி விழுந்திருக்க வேண்டும், பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே சுருண்டு கிடந்தது. கத்தக்கூட இல்லை.

அப்போது என் மனதில் ஓடியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். தேடுவதை நிறுத்திவிடுவார்கள். செவலை வெளியே வரலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

"இதுதான் போலிருக்கு" என்றேன்.

அவர்கள் சாக்கைக் கட்டத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இது இல்லீங்க. அதை விட்டுடுங்க."

வாசலுக்கு வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துத்தான் பேசினாள். "இவரைக் கீறினது எங்க வீட்டுப் பூனை. உள்ளதான் இருக்குது. ஜன்னல்ல பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். செவலை ஜன்னல் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப மதில் மேலேருந்து பாஞ்சதுன்னாரே?" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டாள். கேட்டதும் என்னிடம் இல்லை, என் மனைவியிடம்.

"வாங்க, காட்டுறேன்" என்று என் மனைவி பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள்.

அவர்கள் முன்னால் போக, நான் என் வீட்டிலேயே கடைசி ஆளாகப் பின்னால் போனேன். அந்த நேரத்து வெளிச்சத்தில் குளம் அவ்வளவு நீலமாக இருந்தது. நாலு பேரும் விளிம்பில் நின்றார்கள். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி நடந்ததை எல்லாம் சொன்னாள். முதலில் விழுந்தது, வலை, பலகை, நான் தனியாக இறங்கியது. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"பூனைக்கு நீச்சல் கத்துக் குடுத்தீங்களாண்ணே?" என்றார் அவள் புருஷன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இளைஞர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கன்னத்துக் கீறல் இழுத்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து கையைத் தண்ணீரில் விட்டாள்.

"போர் தண்ணியா?"

"ஆமாம்மா" என்றேன்.

"உப்பு இல்லையா?"

"இல்லம்மா. ஆழமா போட்டிருக்காங்க."

"எங்க பக்கத்து அடிபம்புல உப்பு ஏறிப் போச்சு" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமில்லண்ணே. நாங்க என்னா பண்ணிடப் போறோம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாக்கிலிருந்த பூனையை எங்கள் வீட்டிலேயே விடச் சொல்லி என் மனைவி வாங்கிக்கொண்டாள். அது முருங்கை மரத்துக்குப் பின்னால் கிடந்த ஓட்டுக் குவியலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சோறும் மீனும் வைத்தாள். நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில் வந்து தின்றது. நான் வைத்தால் தொடாது. ஒரு வாரம் போல இருந்திருக்கும், பிறகு மதிலேறிப் போய்விட்டது. போகும்போதும் நொண்டிக்கொண்டுதான் போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. சந்துக்குப் போகும்போதெல்லாம் மதிலோரம் என் கண் தேடுகிறது.

அந்தக் கோடை முழுவதும் என் மனைவி என்னிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாப்பாடு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், பூனைகளிடம் மட்டும் பேசினாள்.

எனக்கும் அந்தப் பெண்ணின் புருஷனுக்கும் மீதி ஊசிகள் ஒரே நாட்களில் வந்தன. கால் வீங்கி அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. நான் ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறேன் என்று போய்க் கேட்டேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "வாங்கண்ணே, ஒண்ணாவே குத்திக்கலாம்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் என் கதையைச் சொன்னார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த கிராமத்து ஜனங்கள், கடிபட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாக்குப் பூனை விஷயத்தை மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதை எனக்காகத்தான் விட்டுவிட்டார் என்று தெரிந்தபோது தலை நிமிரவில்லை.

குளத்தைச் சுற்றி இடுப்புக்கு மேல் உயரத்தில் நெருக்கமான கம்பி வலை அடித்து, தானாக மூடிக்கொள்ளும் கதவும் வைத்தோம். வலையின் மேல் முனையை வெளிப்பக்கமாக வளைத்துவிட்டதால் செவலையால் ஏற முடியவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டது. மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பினேன். அழகு போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். நான் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல நம்ம காசுல கட்டினதுக்கு நீங்க ஏம்பா வெட்கப்படறீங்க?" என்றாள். நான் வெட்கப்படுவது குளத்துக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை என்று தோன்றியது. "வெச்சிடறேம்மா, அப்புறம் பேசறேன்" என்றேன்.

ஆகஸ்டில் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். பின்னால் ஒரே கும்மாளம். சந்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன். "அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?" என்றாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அதற்கு எனக்கு விடை தெரியாமலே, தேய்த்த துணி வாங்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

"புள்ளைங்களை அனுப்பேம்மா. எங்க பேரனுங்களோட வெளையாடட்டும்."

அவள் சட்டைக் காலரைத் தேய்த்து, மடித்து, மற்ற துணிகளின் மேல் வைத்தாள்.

"எங்க புள்ளைங்க ஞாயித்துக்கெழமை ஆனா கடலுக்குப் போயிடுதுங்கண்ணே. அதுங்களுக்கு இந்த மருந்து வாடையெல்லாம் புடிக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, துணிக் கட்டை என் கையில் கொடுத்தாள்.

சூடாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.